படகைக் காட்டி வாக்குக் கேட்பது: பயம் எப்படித் தயாராகிறது?

கேள்வி, மார்ச் 2
அரசியல்வாதிகள் அகதிகளைக் காட்டிச் சனத்தைப் பயமுறுத்துகிறார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சனத்துக்கு ஏற்கெனவே பயம் இருக்கிறது, அதைத்தானே அவர்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள்? எங்கட ஆக்களும் ஒரு காலத்தில் அகதியாக வந்தவைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இப்ப வாறவை வரிசையில் நிற்காமல் வருகினம். இதில் அரசியல்வாதியின் பிழை என்ன?

மார்ச் 2, இரவு
வரிசையிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் அவுஸ்திரேலியாவில் அந்த வரிசையே அரசாங்கம் உண்டாக்கியது. 1996 இல் ஆட்சிக்கு வந்த பிரதமர் ஜோன் ஹவார்டின் லிபரல் கூட்டணி அரசு இரண்டு தனித்தனிக் கணக்குகளை ஒன்றாகக் கட்டியது. ஒன்று, வெளிநாடுகளில் தெரிவுசெய்து அழைத்துவரப்படுவோர். மற்றது, நாட்டுக்குள் வந்து தஞ்சம் கேட்டு அங்கீகாரம் பெறுவோர். மனிதாபிமானத் திட்டத்தில் ஆண்டுக்கு மொத்தம் 12,000 இடம். உள்ளே வந்த ஒருவருக்கு வீசா கொடுத்தால் வெளியே காத்திருப்பவருக்கான இடம் ஒன்று கழியும். 1951 அகதிகள் உடன்படிக்கை இப்படிக் கழிக்கச் சொல்லவில்லை. கணக்கைக் கட்டியதும் அவர்கள், கழித்ததும் அவர்கள். பிறகு, படகில் வந்தவர் முகாமில் கிடக்கும் ஏழையின் இடத்தைப் பறித்துவிட்டார் என்று மேடையில் சொன்னதும் அவர்களேதான்.

2001 இல் தலிபானுக்குப் பயந்து ஓடிய ஹசாரா (ஆப்கானிஸ்தானின் ஒரு சிறுபான்மை இனம்) ஒருவர் எந்த வரிசையில் நின்றிருக்க வேண்டும்? காபூலில் அப்போது அவுஸ்திரேலியத் தூதரகமே இல்லை. உலக அகதிகளில் ஓராண்டில் மீள்குடியேற்றம் கிடைப்பது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையும் அதில் கிடையாது.

மார்ச் 3
டம்பா என்றால் என்ன என்று கேட்டவருக்கு. 2001 ஓகஸ்ட் 26 அன்று மூழ்கிக்கொண்டிருந்த இந்தோனேசிய மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்து 433 பேரை டம்பா என்ற நோர்வேச் சரக்குக் கப்பல் ஏற்றியது. பெரும்பாலானோர் ஆப்கானியர். மீட்புக்குக் கூப்பிட்டதே அவுஸ்திரேலிய அதிகாரிகள்தான். ஆனால் கிறிஸ்மஸ் தீவில் இறக்க அனுமதிக்கவில்லை. 29 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் விசேட வான்சேவைப் படையினர் கப்பலில் ஏறினார்கள்.

அன்றிரவு நடந்ததைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். எல்லைப் பாதுகாப்புச் சட்டமூலம் ஒன்றை அரசு அவசர அவசரமாகப் பாராளுமன்றத்தில் வைத்தது. கப்பல்களை வலுக்கட்டாயமாக வெளியேற்றும் அதிகாரம் அதில் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாதபடி எழுதப்பட்டிருந்தது. படித்துப் பார்க்கக்கூட நேரம் கொடுக்காமல் எதிர்க்கட்சித் தலைவர் கிம் பீஸ்லியை ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்ல வைத்தார்கள். அவர் எதிர்த்தார், செனட்டில் சட்டமூலம் தோற்றது. அடுத்த நாளிலிருந்தே லேபர் கட்சி எல்லையைக் காக்காது என்ற பிரசாரம் ஓடியது. செப்டெம்பரில் வேறு வடிவத்தில் வந்த சட்டங்களுக்கு லேபர் ஆதரவளித்தது. அந்தச் சட்டமூலம் தோற்றதிலும் அரசுக்கு இலாபம், நிறைவேறியிருந்தாலும் இலாபம். இப்படியான சட்டமூலங்களைக் கண்டால் உள்ளடக்கத்தைவிட அதை எந்த மணிக்கு, எத்தனை மணிநேர அவகாசத்தோடு வைத்தார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

மார்ச் 3, பின்னேரம்
டம்பாதான் ஹவார்டைக் காப்பாற்றியது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. 2001 மார்ச்சில் ரயன் இடைத்தேர்தலில் அவர் கட்சி தோற்றது உண்மை. ஆனால் யூலையில், அதாவது டம்பாவுக்கு முன்பே, ஆஸ்டன் இடைத்தேர்தலில் தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டது. ஏற்கெனவே நிமிர்ந்து வந்த ஆட்சிக்கு டம்பாவும் செப்டெம்பர் 11 உம் வேகம் கொடுத்தன. நியூயோர்க் தாக்குதல் நடந்து இரண்டே நாளில் பாதுகாப்பு அமைச்சர் பீற்றர் ரீத், இப்படி வருகிற படகுகள் பயங்கரவாதிகளுக்கு வழியாகலாம் என்று வானொலியில் பேசினார். வந்தவர்களோ தலிபானிடமிருந்தும் சதாமிடமிருந்தும் தப்பியவர்கள்.

மார்ச் 5
புகைப்பட விடயத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழில்நுட்பம் இன்னும் பாவனையில் இருக்கிறது.

தேர்தல் 2001 ஒக்டோபர் 5 அன்று அறிவிக்கப்பட்டது. 223 பேரோடு வந்த ஒரு படகை எச்.எம்.ஏ.எஸ். அடிலெய்ட் போர்க்கப்பல் இடைமறித்தது. பிள்ளைகளைக் கடலில் எறிந்தார்கள் என்று 7 ஆம் திகதி குடிவரவு அமைச்சர் பிலிப் ரடொக் அறிவித்தார். கப்பலில் இருந்து கரைக்கு, ஓர் அதிகாரியிடமிருந்து இன்னொருவருக்குத் தொலைபேசியில் போன தகவல் அது. எழுத்தில் ஒன்றும் இல்லை. 10 ஆம் திகதி ரீத் ஆதாரம் என்று படங்களை வெளியிட்டார். தண்ணீரில் ஒரு பெண், பிள்ளை, பக்கத்தில் கடற்படை மாலுமி. படம் உண்மையான படம்தான். ஆனால் எடுத்தது 8 ஆம் திகதி. படகு மூழ்கி, எல்லோரும் தண்ணீரில் விழுந்து, மாலுமிகள் குதித்து மீட்டபோது எடுத்தது. மாலுமிகளின் வீரத்தைப் பாராட்டும் குறிப்பு அந்தப் படங்களோடு கூடவே வந்தது. மின்னஞ்சலில் கைமாறிக் கைமாறிப் போகையில் குறிப்பு கழன்று படம் மட்டும் மிஞ்சியது.

அவுஸ்திரேலியப் பாதுகாப்புப் படைகளின் பதில் தளபதியாக இருந்த அங்கஸ் ஹூஸ்டன் நவம்பர் 7 அன்று, பிள்ளைகள் எறியப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று ரீத்திடம் நேரடியாகச் சொன்னார். 10 ஆம் திகதி வாக்களிப்பு நடந்து முடிந்தது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று செனட் குழு அறிக்கையாக வந்தபோது 2002 ஒக்டோபர்.

அந்த விசாரணையில் வந்த இன்னொரு சாட்சியம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. தஞ்சம் கேட்டு வருபவர்களை மனிதர்களாகக் காட்டும் படங்களை வெளியிட வேண்டாம் என்று அமைச்சர் அலுவலகம் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லியிருந்தது. மூலகாரணம் அதில் இருக்கிறது. முகம் தெரியாத கூட்டத்துக்குத்தான் மனிசர் பயப்படுவார்கள். காய்ச்சலில் கிடக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு யார் பயப்படுவார்?

அதே ஒக்டோபர் 19 அன்று சீவ் எக்ஸ் என்று பின்னாளில் பெயர் வைக்கப்பட்ட படகு மூழ்கியதில் 353 பேர் இறந்தார்கள். 146 பேர் பிள்ளைகள். எறியப்படாத பிள்ளைகளைப் பற்றி ஒரு தேர்தலே நடந்துகொண்டிருந்த மாதம் அது.

மார்ச் 6
சொல் விடயம் சுருக்கமாக. 2013 ஒக்டோபரில் குடிவரவு அமைச்சர் ஸ்கொட் மொறிசன், படகில் வருவோரை ஒழுங்கற்ற வருகையாளர் என்று எழுதிவந்த அதிகாரிகளை, இனிமேல் சட்டவிரோத வருகையாளர் என்று எழுதச் சொன்னார். சட்டத்தில் ஒரு வரியும் மாறவில்லை. அனுமதியின்றி நுழைந்த காரணத்துக்காக அகதியைத் தண்டிக்கக் கூடாது என்பது உடன்படிக்கையின் 31 ஆவது பிரிவு. ஆபத்துள்ள இடத்திலிருந்து நேரே வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. படகில் வந்து கடற்படையிடமே கை நீட்டுபவர் இரண்டாவதைச் செய்துவிடுகிறார். வழக்கறிஞர்கள் சண்டை பிடிப்பது முதலாவதில்.

மார்ச் 7
இது லிபரல் கட்சிக்கு எதிரான பிரசாரம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. வீசா இல்லாமல் வருபவர்களை அடைத்துவைக்கும் கட்டாயத் தடுப்பை 1992 இல் கொண்டுவந்தது கீட்டிங்கின் லேபர் அரசு. 2012 ஓகஸ்டில் நாட்டுக்கு வெளியே நவுறுவிலும் மானுஸ் தீவிலும் இருந்த தடுப்பு முகாம்களை மறுபடி திறக்கும் முடிவை எடுத்தது கில்லார்டின் லேபர் அரசு. அதற்குப் பரிந்துரை கொடுத்த நிபுணர் குழுவின் தலைவர் மேலே சொன்ன அதே அங்கஸ் ஹூஸ்டன். 2013 யூலை 19 அன்று, தேர்தலுக்கு ஏழு வாரம் இருக்க, படகில் வரும் எவரும் ஒருபோதும் அவுஸ்திரேலியாவில் குடியேற முடியாது என்று அறிவித்தது லேபர் பிரதமர் கெவின் ரட். ஒரு கட்சி பயத்தால் வென்றால் அடுத்த கட்சி அதைவிடக் கடுமையாகப் பேசி அந்தப் பயத்தை அணைக்கப் பார்க்கும். அணையாது. பயம் நியாயமானதுதான் போலும் என்று சனம் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு பாதையும் இருக்கிறது. குடியேற்றத்தை எதிர்க்கும் கட்சியின் தலைவி போலீன் ஹான்சன் 1998 இல் அகதிகளுக்குத் தற்காலிக வீசா மட்டும் என்ற யோசனையைச் சொன்னபோது அமைச்சர் ரடொக்கே அதை ஏற்கவில்லை. 1999 ஒக்டோபரில் அதே அரசு தற்காலிகப் பாதுகாப்பு வீசாவைக் கொண்டுவந்தது. இடையில் 1998 தேர்தலில் ஹான்சனின் கட்சி கீழவையில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் வாக்கு எடுத்திருந்தது.

ஆகவே கேள்வி கேட்டவர் சொன்னதில் பாதி சரி. பயம் கீழேயும் இருந்தது. ஆனால் பயம் இருக்கிறது என்று சொல்வதும், அதற்கு ஒரு படகைக் காட்டி இதுதான் காரணம் என்று சொல்வதும் இரண்டு வேறு செயல்கள். வீட்டு வாடகைக்கும் ஆஸ்பத்திரிக் காத்திருப்புக்கும் பயப்படுகிறவரிடம் போய்ப் படகைக் காட்டுவதுதான் அரசியல்வாதியின் பங்கு.

மார்ச் 9
கனடாவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறீர்கள். எங்கட கதை அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தது சில நாளில் வெளியாகிவிட்டது. பத்திரிகைகள் கொதித்தன. இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஓர் அரசியல்வாதிக்குக் கிடைக்காது. பிரதமர் மல்றோனி அதைப் பாவிக்கவில்லை. தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கொடுத்தார்கள்.

அதே மல்றோனி அரசு, 1987 யூலையில் 174 பேர், பெரும்பாலும் சீக்கியர், நோவா ஸ்கோஷியாவில் இறங்கியதும் விடுமுறையில் இருந்த பாராளுமன்றத்தையே அவசரமாகக் கூட்டியது. நல்ல தலைவர், கெட்ட தலைவர் என்று பிரித்து இதை விளக்க முடியாது. முதற் படகின் பின் கிளம்பிய கோபத்தை ஓராண்டு முழுக்கப் பார்த்துவிட்டு எடுத்த முடிவு அது.

2010 ஓகஸ்ட் 13 அன்று சன் சீ கப்பல் 492 தமிழர்களோடு பிரிட்டிஷ் கொலம்பியாவின் எஸ்குவைமோல்ட் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 380 ஆண், 63 பெண், 49 பிள்ளைகள். ஒருவரைக்கூட விசாரிக்க முதலே, ஆட்கடத்தல்காரரும் பயங்கரவாதிகளும் உள்ளே இருக்கலாம் என்று பொதுப் பாதுகாப்பு அமைச்சர் விக் டேவ்ஸ் பேசினார். ஒக்டோபரில் சட்டமூலம் சி-49 வந்தது. வழமையான தடுப்பு மீளாய்வு 48 மணிநேரம், பிறகு 7 நாள், பிறகு 30 நாள். கூட்டமாக வந்தவர்கள் என்று அமைச்சர் முத்திரை குத்திவிட்டால் ஓராண்டுக்கு மீளாய்வே இல்லை என்றது சி-49. பெயர் மட்டும் ஆட்கடத்தல்காரரைத் தடுக்கும் சட்டம். தடுத்து வைக்கப்படுவதும், அகதி என்று ஏற்கப்பட்ட பிறகும் ஐந்து வருடம் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடியாமல் இருப்பதும் கடத்தப்பட்டவர். 2011 தேர்தலால் அது காலாவதியாகி, 2012 இல் சி-31 க்குள் சில மாற்றங்களோடு நுழைந்தது.

2015 நவம்பரில் கனடிய உச்ச நீதிமன்றம், சன் சீக்கு முன் தமிழரோடு வந்த ஓஷன் லேடி, சன் சீ ஆகிய கப்பல்களின் வழக்குகளில், பழைய ஆட்கடத்தல் குற்றப் பிரிவு அளவுக்கு மீறி அகலமானது என்றது. தப்பி ஓடுகையில் ஒருவருக்கொருவர் உதவும் குடும்பத்தினரையும், மனிதாபிமான உதவி செய்பவர்களையும்கூட அது குற்றவாளியாக்கியது. தீர்ப்பு வர ஐந்து வருடம் எடுத்தது, தலைப்புச் செய்திக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

மார்ச் 11
லண்டனில் இருப்பவர் கேட்டது: தஞ்சம் கேட்பவர்களை ஹோட்டல்களில் வைத்திருப்பது பொய்யா, கண்ணால் காண்கிறோமே?

பொய்யில்லை. ஹோட்டல் எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். 2022 முடிவில் முதல் முடிவுக்காகக் காத்திருந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 132,000. விண்ணப்பித்தவர் முதல் 12 மாதம் வேலை செய்ய அனுமதி கேட்கவே முடியாது. ஆகவே தனக்குத் தானே வாடகை கட்ட முடியாது. தங்குமிடம் கொடுப்பது அப்போது அரசின் கடமையாக இருந்தது. முடிவு தாமதமானால் தங்கும் மாதங்கள் கூடும், இருக்கும் வீடுகள் போதாது, ஹோட்டல் எடுக்க வேண்டும். அப்படி எடுத்ததில் செலவு நாளொன்றுக்கு 80 இலட்சம் பவுண் அளவுக்குப் போனது. பிறகு 2023 இன் சட்டவிரோதக் குடியேற்றச் சட்டத்தால், அதன்பின் படகில் வந்தவர்களின் வழக்குகளில் முடிவெடுப்பதே ஏறக்குறைய நின்றுபோனது. அனுப்பவும் இடமில்லை, ஏற்கவும் சட்டமில்லை. அப்படியானால் ஹோட்டலிலேயே இருக்க வேண்டியதுதான்.

அனுப்பப் போவதாகச் சொன்ன ருவாண்டாத் திட்டம் 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு 2024 யூலையில் கைவிடப்பட்டது. 70 கோடி பவுண் செலவு. போனவர்கள் நாலு பேர், அவர்களும் தாமாகச் சம்மதித்துப் போனவர்கள்.

அந்த ஹோட்டலின் வாசலில் நின்று பேட்டி கொடுக்கும் அரசியல்வாதியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாதத்துக்கு எத்தனை வழக்குகளில் முடிவெடுத்தீர்கள்? 2024 ஓகஸ்ட் 4 அன்று ரொதரம் பக்கத்தில் ஆட்கள் உள்ளே இருக்கவே ஒரு ஹோட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். சவுத்போர்ட்டில் பிள்ளைகளைக் குத்திக் கொன்றவன் படகில் வந்தவன் என்ற பொய்த் தகவலில் தொடங்கிய கலவரம் அது. அவன் கார்டிஃபில் பிறந்தவன்.

மார்ச் 12
வாட்ஸ்அப்பில் வரும் எண்களை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டவருக்கு.

முதலில் எண்ணுவது ஆட்களையா விண்ணப்பங்களையா என்று பாருங்கள். மேலே சொன்ன 132,000 விண்ணப்பங்களில் இருந்த ஆட்கள் 160,000 அளவில். பயமுறுத்த வேண்டியவர் பெரிய எண்ணை எடுப்பார், வேலை நடக்கிறது என்று காட்ட வேண்டியவர் சின்னதை எடுப்பார். இரண்டும் உண்மை. அடுத்தது, அந்த ஆண்டில் வந்தவர்களா, பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிடப்பவர்களா. மூன்றாவது, நிராகரிப்பு வீதம் முதல் முடிவுக்கா, மேன்முறையீடு முடிந்த பிறகா.

தொடக்க ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். பிரித்தானியாவில் சிறு படகுக் கணக்கு 2018 இல் 299 பேரோடு தொடங்குகிறது. 2022 இல் 45,755. நூற்றைம்பது மடங்கு என்று தலைப்புப் போடலாம். 2018 க்கு முன் வந்தவர்கள் லொறிகளுக்குள் ஒளிந்து வந்தார்கள். துறைமுகக் காவல் இறுகியதும் பாதை படகுக்கு மாறியது. லொறிக்குள் இருப்பவரைக் கமரா பிடிக்காது, றப்பர் படகைப் பிடிக்கும். அதே 2022 இல் நீண்டகாலம் தங்க வந்த எல்லோரும் சேர்ந்து 10 இலட்சத்துக்கும் மேல், படகில் வந்தவர்கள் அதில் இருபதில் ஒன்றுக்கும் குறைவு. அந்த ஆண்டு உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் பாராளுமன்றத்தில் படையெடுப்பு என்று சொன்னது இந்த இருபதில் ஒன்றைத்தான். மிச்சப் பேரில் பெரும்பாலோருக்கு வீசா கொடுத்தது அவருடைய அமைச்சு.

மார்ச் 14
கடலில் சாகாமல் தடுக்கத்தானே கடுமை என்ற வாதம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2010 டிசம்பர் 15 அன்று கிறிஸ்மஸ் தீவுப் பாறைகளில் படகு மோதிச் சிதறியதைக் கரையிலிருந்தவர்கள் கண்முன்னே பார்த்தார்கள், ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். அந்தக் காட்சியால் மனம் உண்மையாக மாறிய அரசியல்வாதிகள் இரண்டு கட்சியிலும் இருந்தார்கள்.

ஆனால் 2011 பெப்ரவரியில் அதில் இறந்தவர்களில் சிலருக்குச் சிட்னியில் இறுதிக்கிரியை நடந்த நாளில், உறவினரை அங்கே கொண்டுவர அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்டவர் அப்போது எதிர்க்கட்சிப் பேச்சாளராக இருந்த மொறிசன். உயிர்தான் கவலை என்றால் பாதுகாப்பான வழியையும் கூடவே திறந்திருக்க வேண்டும். படகை மறித்த அறிவிப்போடு, இந்தோனேசியாவிலிருந்து எத்தனை பேரை விமானத்தில் எடுக்கிறோம் என்ற எண் வருகிறதா என்று பாருங்கள். 2014 நவம்பரில் வந்த எண் பூச்சியம்: அந்த யூலை 1 இலிருந்து அங்கே ஐ.நா.விடம் பதிந்தவர்களுக்கு மீள்குடியேற்றம் இல்லை என்று அறிவித்தார்கள்.

மார்ச் 16
பிலோவீலாவைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் இறைச்சித் தொழிற்சாலை உள்ள சிற்றூர், இடதுசாரிகளின் கோட்டை என்று யாரும் சொல்ல முடியாத இடம். 2018 மார்ச்சில் விடியற்காலையில் ஒரு தமிழ்க் குடும்பத்தை அங்கிருந்து தூக்கிச் சென்றார்கள். தாய், தகப்பன், அவுஸ்திரேலியாவில் பிறந்த இரண்டு பெண்பிள்ளைகள். ஊர்க்காரர் நாலு வருடம் விடாமல் நின்றார்கள். 2022 யூனில் குடும்பம் ஊருக்குத் திரும்பியது. அந்த ஊர்க்காரருக்கு அவர்கள் பக்கத்து வீட்டார். 2001 இல் படங்களை ஏன் தடுத்தார்கள் என்று மார்ச் 5 இல் எழுதியதை இதோடு சேர்த்து வாசியுங்கள்.

அதற்காக முகம் காட்டினால் போதும் என்று நினைக்கவும் கூடாது. அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது அமைச்சரின் தனி முடிவு. அதே காலத்தில் வந்து அதே வேக விசாரணை முறையில் நிராகரிக்கப்பட்ட மற்றவர்களுக்குச் சட்டம் அதனால் மாறவில்லை.

மார்ச் 17
2022 மே 21, அவுஸ்திரேலியத் தேர்தல் நாள். கடலில் நடப்பதைப் பற்றிப் பேசமாட்டோம் என்று 2013 இலிருந்து சொல்லிவந்த அதே லிபரல் கூட்டணி அரசு, இலங்கையிலிருந்து வந்த படகு ஒன்று இடைமறிக்கப்பட்டதை வாக்களிப்பு நடந்துகொண்டிருக்கவே அறிவித்தது. பிரதமர் மொறிசன் செய்தியாளரிடம் உறுதிப்படுத்தினார். லிபரல் கட்சியின் பெயரில் வாக்காளரின் தொலைபேசிகளுக்குக் குறுஞ்செய்தி போனது. பிறகு வந்த உள்துறைச் செயலாளரின் அறிக்கை, அறிவிப்பை அவசரமாக வெளியிட அதிகாரிகள் மீது அழுத்தம் கொடுக்கப்பட்டதைப் பதிவுசெய்தது. இரகசியம் எல்லைப் பாதுகாப்புக்கு அவசியம் என்றால் அன்றைக்கும் அவசியம்தானே. 2014 இல் 157 தமிழர்களைச் சுங்கக் கப்பலில் ஏறத்தாழ ஒரு மாதம் அடைத்து வைத்திருந்தபோது, அப்படி ஒரு படகு இருக்கிறதா என்ற கேள்விக்கே முதலில் பதில் கிடைக்கவில்லை.

அந்தக் குறுஞ்செய்தி வேலை செய்யவில்லை. மொறிசன் தோற்றார். அந்த ஆண்டு இலங்கையில் பெற்றோலுக்கும் மருந்துக்கும் சனம் நாட்கணக்கில் நின்றதை அவுஸ்திரேலியர்களும் செய்தியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மார்ச் 19
கடைசிக் கேள்விக்குப் பதில்: இந்து சமுத்திரத் தீவான தியாகோ கார்சியாவில் இருந்த எங்கட ஆக்களைப் பற்றி ஏன் எந்தக் கட்சியும் கத்தவில்லை?

2021 ஒக்டோபரில் 89 இலங்கைத் தமிழர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பிரித்தானிய ஆள்புலம், ஆனால் இராணுவத் தளம். பத்திரிகையாளர் வழமையாகப் போக முடியாது, கமரா இல்லை. பயம் விற்கப் படம் வேண்டும். படம் இல்லாததால் அவர்களைக் காட்டிப் பயமுறுத்தவும் ஒருவரும் வரவில்லை, பரிந்து பேசவும் சிலரைத் தவிர ஆளில்லை. மூன்று வருடம் கூடாரங்களில் இருந்தார்கள். 2024 டிசம்பரில் பெரும்பாலானோரைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களை அங்கே வைத்திருந்தது சட்டவிரோதத் தடுப்பு என்று அதே மாதம் அந்த ஆள்புலத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த வழக்கில் சட்டவிரோதம் என்ற சொல் அரசாங்கத்தின் மேல் விழுந்தது.